உள்ளூர் எழுத்தாளரை ஊரில் பேச வைப்பது எப்படி? முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

கண்மாய்க்கு வரும் பறவைகளைப் பற்றி எழுதியே நோட்டுகளை நிரப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர், தாத்தா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்ட மளிகைக்கடைக்காரர், ஊர்க்கோயில் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்த தபால் ஊழியர். தமிழ்நாட்டில் இப்படி ஒருவராவது இல்லாத வட்டாரம் அரிது. சொந்தக் காசில் அச்சடித்த சில நூறு பிரதிகளில் பாதி இன்னும் அவர்கள் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கும். அவர்களில் ஒருவரை ஊர் நூலகத்தில் ஒரு மாலை பேச வைக்க ஆசைப்பட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலக்கிய விழாவுக்கான ஏற்பாடுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது. இலக்கிய விழாவில் வந்தவர்களுக்குத் தெரியாததைப் பேச்சாளர் சொல்வார். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். ஊரைப் பற்றிய பேச்சில், பேச்சாளருக்கே தெரியாத பாதிக் கதை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் ஏற்பாட்டாளரின் வேலை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

பொருளைச் சுருக்குங்கள்

"நமது ஊர் வரலாறு" என்று தலைப்பு வைத்தீர்களானால், பேச்சு சங்க காலத்தில் தொடங்கும். பல்லவர், சோழர், பாண்டியர், நாயக்கர் என்று ஒவ்வொருவராக வந்து போவார்கள். 1947க்கு வருவதற்குள் பின்வரிசை எழுந்து போயிருக்கும். இதில் எதைப் பற்றியும் கேட்பவர்களுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது; ஆகவே பேச்சு முடிந்ததும் கைதட்டல்தான் வரும், வேறொன்றும் வராது.

ஒரு கண்மாய், ஒரு தெரு, ஒரு வெள்ளம், மூடிப்போன ஒரு மில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பெரிய கண்மாயின் மடைகள்", "1964 புயலும் நம் கரையும்", "சந்தை இடம் மாறிய கதை" மாதிரியான தலைப்புகள். தலைப்பைக் கேட்ட உடனே "அதுல எனக்கும் ஒண்ணு தெரியுமே" என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டும்.

சுருக்கினால் விஷயம் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வேடந்தாங்கல் ஏரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, பறவைகளைச் சுட வந்த சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட்டது, செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இல் ஊருக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தது, பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமானது என்று நிர்வாகம், இயற்கை, விவசாயம் மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன. மதுரை பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு குன்றுக் கூட்டத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது, பாண்டியர் குடைவரைக் கோயிலும் இருக்கிறது, வல்லூறும் இருக்கிறது. வரலாறு தனி, இயற்கை தனி என்று ஊருக்குள் யாரும் பிரித்து வைப்பதில்லை. நாமும் பிரிக்கத் தேவையில்லை.

எழுத்தாளரைப் போய்ப் பாருங்கள்

போனில் அழைத்துத் தேதி வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் புத்தகத்தைப் படியுங்கள், முழுதாக. அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசுங்கள். மூன்று விஷயங்களைக் கேட்டாலே போதும்: புத்தகம் வந்த பிறகு ஊரில் எந்தப் பக்கத்துக்குச் சண்டைக்கு வந்தார்கள்? எழுதாமல் விட்டது எது? மேடையில் எதைக் கேட்கக் கூடாது?

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். குடும்ப நினைவு என்றால் பாகப்பிரிவினை, கோர்ட்டில் கிடக்கும் நிலம், வேறு சாதியில் நடந்த கல்யாணம், தற்கொலை எல்லாம் அதற்குள் இருக்கும். ஊர் வரலாறு என்றாலோ, எந்தத் தெருவுக்குக் கோயிலில் முதல் மரியாதை, யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று இருந்தது என்பதும் சேர்த்துத்தான். இவற்றைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசாமல் விட்டால் அது வரலாறாகவே இருக்காது. ஆனால் பேசப்போகிறோமா இல்லையா என்பதை மேடைக்கு வரும் முன்பே அவரும் நீங்களும் முடிவு செய்திருக்க வேண்டும். புத்தகத்தில் வரும் ஆட்களில் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் வீட்டார் கூட்டத்துக்கு வருவார்களா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நன்றாக எழுதுகிறவர் எல்லோரும் நன்றாகப் பேசுவதில்லை. கையில் தாளை வைத்து வாசிக்கத் தொடங்கினால் கூட்டம் தூங்கிவிடும். அப்படிப்பட்டவரானால் பேச்சு என்ற வடிவத்தையே விட்டுவிட்டு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்க, அவர் பதில் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இதுதான் பொருந்தும். கேட்பவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

போக்குவரத்துச் செலவை ஒரு கவரில் போட்டு, கூட்டம் முடிவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் காசில் அவருடைய புத்தகத்தைப் பிரதிகளாக வாங்கிப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு மீதிப் புத்தகங்களை விற்க ஒருவரை உட்கார வையுங்கள். எழுத்தாளரே சில்லறை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

இடமும் நேரமும்

கிளை நூலகம் இருந்தால் அதுவே முதல் இடம். சென்னை மாகாணத்தில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதன் பெயரிலேயே நடத்தினால் நூலகருக்கும் சுலபம். மாவட்ட நூலக அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம் என்பதால் நிகழ்ச்சி, நேரம், பேசுபவர் மூன்றையும் எழுதிக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி இருந்தால் அன்றைக்குச் சாவி இல்லாமல் வாசலில் நிற்க நேரிடும்.

மாடியில் வேண்டாம். உங்களுக்கு வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு மூட்டு வலி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்தால் பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேரலாம். முகூர்த்த நாள், கோயில் கொடை, திருவிழா, நடவு, அறுப்பு எல்லாவற்றையும் நாள்காட்டியில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

முப்பது பேர் கூடினாலும் மைக் வேண்டும். "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்று பேச்சாளர் சொல்வார். அவர் குரல் போதும்தான். காது மந்தமானவர்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்களே! திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

யாரைக் கூப்பிடுவது

வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வழக்கமாக வரும் அதே முகங்கள்தான் வரும். உங்களுக்கு வேண்டிய ஆட்கள் அந்தக் குழுவில் இல்லை. மடை திறந்து அடைத்த நீர்பாய்ச்சி, சந்தையில் தரகு பார்த்தவர், பழைய பிரசவங்கள் எல்லாம் பார்த்த மருத்துவச்சி, சலூன்காரர், ஓய்வூதியர் சங்கத்தில் கணக்கு எழுதுபவர் ஆகியோரை நேரில் போய்த்தான் கூப்பிட வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேட்கத்தான் கூப்பிடறோம்" என்று சொல்லிக் கூப்பிடுங்கள். "பேச்சைக் கேட்க வாங்க" என்றால் "எனக்கென்னத்துக்குத் தம்பி அதெல்லாம்" என்று முடித்துவிடுவார்கள்.

பெண்களைத் தனியாக யோசியுங்கள். பொதுவாக அழைத்தால் ஆண்கள்தான் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் பெண் எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் எந்தக் கிணறு வற்றியது, எந்தக் கீரை இப்போது முளைப்பதில்லை என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது. மகளிர் குழு கூடும் நாளில் போய்ச் சொல்லுங்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் போய்ச் சொல்லுங்கள். ஒருவராக வரத் தயங்குவார்கள். நான்கைந்து பேராக வரச் சொன்னால் வருவார்கள். கூட்டத்தில் அவர்களைச் சேர்த்தே உட்கார வையுங்கள், பேச்சு தானாக வரும்.

அழைப்பிதழின் கடைசி வரியாக இதைச் சேருங்கள்: "பழைய கல்யாணப் பத்திரிகை, போட்டோ, கடிதம், பெயர் வெட்டிய பாத்திரம் இருந்தால் எடுத்து வாருங்கள். பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருகிறோம்."

வாசல் மேசை

அந்தக் கடைசி வரிக்காக ஒரு மேசை தனியாக வேண்டும். பலரும் இதை அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் மேடையைவிட இந்த மேசை முக்கியம்.

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி வருஷப் பெயர், மாதம், தேதி, கிழமை. பெரும்பாலும் பக்கத்திலேயே ஆங்கிலத் தேதி. பிறகு இரண்டு வீட்டாரின் பெயரும் ஊரும், பெயரோடு ஒட்டிய தொழிலும் பட்டமும். "ரங்கூன்", "பினாங்கு", "கண்டி" என்று ஏதாவது இருந்தால் குடும்பம் எங்கே பிழைக்கப் போனது என்பது அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். கல்யாணம் நடந்த இடத்தைப் பாருங்கள்: மண்டபமா, வீட்டு வாசல் பந்தலா. தெருப்பெயர் இப்போதும் அதேதானா? அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். அந்த ஊரில் அப்போது அச்சகம் இருந்ததா, பக்கத்து டவுனில் போய் அடித்தார்களா என்பது வரை தெரிகிறது. ஐந்தாறு வீட்டுப் பத்திரிகைகளை வரிசையாக வைத்தால் பேச்சாளருக்கே அது புது ஆவணம்.

சீர்ப் பாத்திரங்களில் வெட்டிய பெயர்களும் அப்படியே. அண்டா விளிம்பிலோ குடத்தின் கழுத்திலோ புள்ளி புள்ளியாகப் பெயர், சில சமயம் தேதி. தேய்ந்துபோய்ப் படிக்க முடியாவிட்டால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். போட்டோவானால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரை இருக்கும்.

மேசையில் இருப்பவர் செய்ய வேண்டியது: ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுப்பது. யார் கொண்டுவந்தது, படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்று ஒரு சீட்டில் எழுதி அதையும் படம் எடுப்பது. பொருளை அன்றே அவர்கள் கையிலேயே கொடுப்பது. "வச்சிட்டுப் போங்க, ஸ்கேன் பண்ணித் தரோம்" என்ற பேச்சே கூடாது. ஒரு குடும்பத்தின் ஒரே போட்டோ தொலைந்தால் அந்த ஊரில் யாரும் உங்களை நம்பி எதையும் கொண்டுவர மாட்டார்கள். கிழிந்ததைச் செலோடேப் ஒட்டியோ லேமினேட் செய்தோ காப்பாற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இரண்டும் தாளைக் கெடுக்கும்.

கடிதங்களில் ஒரு சட்ட விஷயம் உண்டு. கடிதத்தாள் அதைப் பெற்ற குடும்பத்துடையது; அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அது நீடிக்கும். வாசித்துக் காட்டிக் கேட்பது வேறு, புத்தகத்தில் அச்சிடுவது வேறு. அச்சிடுவதானால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைய மாலை

வரவேற்புரை மூன்று நிமிஷம், பேச்சு நாற்பது நிமிஷம், மீதி முழுக்கக் கூட்டத்துக்கு. தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை எதுவும் வேண்டாம். கவுன்சிலர் வந்துவிட்டால் என்ன செய்வது? வரவேற்கச் சொல்லி மைக்கைக் கொடுங்கள். அதுவே அவருடைய உரை.

பேச்சு முடிந்ததும் "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்று சொன்னால் மௌனம்தான். ஊரில் பெரியவர்கள் பலருக்குக் கேள்வி கேட்பது பரீட்சை மாதிரி. "இந்தக் கண்மாய் கடைசியா எப்ப நிரம்பி மறுகால் போச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுங்கள். இரண்டு பேர் இரண்டு வருஷம் சொல்வார்கள். மூன்றாவது ஆள் இருவரையும் மறுப்பார். அவ்வளவுதான், கூட்டம் சூடு பிடித்துவிடும்.

மைக்கைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஆள் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். நீளமாகப் பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் "ஐயா சொன்னதை எழுதிக்கிட்டோம், அப்புறம் வீட்டுக்கே வர்றோம்" என்று சொல்லி அடுத்தவரிடம் நகர அது ஒன்றே வழி. வாக்குவாதம் வந்தால் தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு இல்லை. இரண்டு பேர் சொன்னதையும் பெயரோடு எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, அப்படியே செய்யுங்கள்.

வருஷத்தைப் பிடிப்பது ஒரு தனிக் கலை. "எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால் தோராயமாக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அது பத்து வருஷம் முன்பின்னாக இருக்கும். சுற்றி வளைத்துக் கேளுங்கள்.

"ஆத்தா, அந்த வெள்ளத்தப்ப உங்க மூத்த மகன் பிறந்தாச்சா?"

"இடுப்புல வச்சுக்கிட்டுத்தானே மேட்டுக்கு ஓடினேன்."

மகனின் பள்ளிச் சான்றிதழ் வீட்டில் இருக்கும். வருஷம் ஓரளவு கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நினைவிருக்கும் பொது நிகழ்ச்சிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை திறந்தது 1934. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 இரவு. இலங்கை மலையகத்திலிருந்து குடும்பங்கள் திரும்பி வரக் காரணமான ஒப்பந்தமும் அதே 1964இல். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இறுக்கிக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று வருஷ இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: "நாலணா" என்று சொன்னதை வைத்து 1957க்கு முன்பு என்று முடிவு கட்டாதீர்கள். 25 காசு 2011இல் ஒழியும் வரை நாம் எல்லோரும் நாலணா என்றுதான் சொன்னோம். ஓரணா, தம்பிடி என்று வந்தால் ஓரளவு நம்பலாம்.

தமிழ் வருஷப் பெயர் இன்னொரு பொறி. 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் நினைவுக்கு வரும் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம், 1996ஆகவும் இருக்கலாம். பத்திரத்திலோ பாத்திரத்திலோ வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அதில் உள்ள ஆட்களின் தலைமுறையை எண்ணித்தான் எது என்று தீர்மானிக்க வேண்டும்.

சுரங்கப்பாதையும் கட்டபொம்மனும்

ஒவ்வோர் ஊரிலும் கோயிலிலிருந்து அரண்மனைக்கு ஒரு சுரங்கம் போகும். தெற்கே போனால், 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்படுவதற்கு முன் கட்டபொம்மன் ஒளிந்திருந்த இடம் ஒன்றும் ஊருக்கு ஊர் இருக்கும். கேலி செய்யாதீர்கள், மறுக்கவும் அவசரப்படாதீர்கள். "யார் சொல்லிக் கேட்டீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பாட்டி சொன்னது, தெருக்கூத்தில் பார்த்தது, சினிமாவில் பார்த்தது என்று பிரித்து எழுதிக்கொண்டால், ஊரில் இப்படி ஒரு கதை வழங்குகிறது என்ற அளவில் அது முழு உண்மைதான்.

நடந்தது என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் வேண்டும். பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லி, முக்கியமான செய்திகளுக்கு மட்டுமாவது எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் இதுவரை தேடாதவரானால் வழி காட்டுங்கள். உங்கள் கோயில் கல்வெட்டு ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கலாம்: இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதலும், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதலும் வருகின்றன. மதுரைக்கு நெல்சன் 1868இலும், திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் 1879இலும் மாவட்டக் கையேடுகள் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாவட்டங்களுக்கு கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு) வந்தது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அச்சுப் புத்தகத்துக்கு ரோஜா முத்தையா நூலகம். வீட்டிலிருந்தபடியே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கையேடுகளையும் கெசட்டியர்களையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரி வசூலிக்க வந்த அதிகாரிகள் எழுதியது. நிலம், தண்ணீர், மழைக் கணக்குக்கு அருமையானது, சாதிகளைப் பற்றிய வர்ணனைகளில் அவர்களுடைய தப்பெண்ணம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

பேசுவது இயற்கை பற்றியானால்

கூடத்தை விட்டு வெளியே வாருங்கள். கண்மாய்க் கரையில் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன நடை, அப்புறம் மரத்தடியில் பேச்சு. வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்போடு சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.

இங்கேயும் கூட்டத்தின் ஞாபகம்தான் சரக்கு. "இங்கே என்னென்ன பறவை இருந்தது?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம், காணாமல் போனதைக் கேளுங்கள். "செத்த மாட்டைத் தின்ன வருமே, அந்தப் பாறுக் கழுகைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களில் இந்தியா முழுக்க அவை சரிந்தன. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. இன்று தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் தவிர அதைப் பார்ப்பது அபூர்வம். அவை இல்லாமல் போன காலத்தைப் பற்றி உங்கள் ஊரில் எழுதி வைத்த குறிப்பு எதுவும் இருக்காது. அந்தப் பெரியவர்கள் சொல்வதுதான் பதிவு.

தேவாங்கு இருக்கும் தோப்பு, கூடு கட்டிய மரம், நட்சத்திர ஆமை திரியும் காடு, இவற்றின் இடத்தை மேடையில் சொல்ல வேண்டாம். பிடித்து விற்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். "இந்த வட்டாரத்தில்" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். போனில் எடுத்த படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

பதிவும் அதற்குப் பிறகும்

பதிவு செய்யப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பேச்சாளர் பக்கத்தில் ஒரு போன், கூட்டத்துக்கு நடுவில் இன்னொன்று, இரண்டையும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பதிவின் முதல் வார்த்தையாகத் தேதி, இடம், பேசுபவர் பெயரைச் சொல்லுங்கள். ஒருவர் பேசும் நடுவில் "இதைப் பதிவு பண்ணாதீங்க தம்பி" என்றால் நிறுத்திவிடுங்கள், நிறுத்தியது அவருக்குத் தெரியட்டும். யாராவது பேச்சின் நடுவே உடைந்து அழுதால் மைக்கை மெதுவாக விலக்கி, பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அந்தக் காட்சியை வீடியோவில் ஏற்றாதீர்கள். பொதுவாகவே, முழுப் பதிவையும் அன்று ராத்திரியே யூடியூபில் ஏற்றும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. நாலு பேருக்கு முன் சொன்னதை நாட்டுக்கே சொன்னதாக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள், ஞாபகம் சூடாக இருக்கும்போதே, நான்கைந்து பக்கத்தில் எழுதிவிடுங்கள்: யார் என்ன சொன்னார்கள், எங்கே இருவர் முரண்பட்டார்கள், எதற்கு ஆதாரம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு சொன்னவர்களிடமே போய் வாசித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று திருத்துவார்கள். கூடவே கூட்டத்தில் சொல்லாத ஒன்றையும் சொல்வார்கள். திண்ணையில் தனியாக உட்கார்ந்து கேட்கும்போது கிடைப்பது பல நேரம் மைக்கில் கிடைத்ததைவிட அதிகம்.

திருத்திய பிரதியில் ஒன்று நூலகத்துக்கு, ஒன்று பேச்சாளருக்கு. இரண்டாம் பதிப்பு போடும்போது அவருக்கு உதவும். ஒலிப்பதிவையும் படங்களையும் இரண்டு இடங்களில் வையுங்கள், கோப்பின் பெயரிலேயே தேதியும் ஊரும் இருக்கட்டும். கொஞ்ச நாளில் இந்தக் குறிப்புகள் சேர்ந்து புத்தகமாக வரும் நிலை வந்தால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரில் கடைசிப் பிரதியைக் கரையான் அரித்த பிறகும் சென்னையில் ஒன்று இருக்கும்.

முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தால்கூட நடத்துங்கள். மேடையை விட்டு இறங்கி நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லுங்கள், மைக்கை எடுத்துவிடுங்கள், மேசைமேல் இருக்கும் பத்திரிகையையும் போட்டோவையும் நடுவில் வைத்துப் பேச்சாளரை அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு யாரை நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்பதை அந்த எட்டுப் பேரே சொல்வார்கள். பெயர்களை எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.